பெயர் எழுதாத ஜெப விண்ணப்பம்

அவள் பெயரை இசக்கிசெல்வி என்று வைத்துக்கொள்ளுங்கள். நிஜப் பெயர் அதுவல்ல. அவளை நாங்கள் ஒளித்து வைத்திருந்தது திருச்செந்தூர்ப் பக்கம் ஒரு கடற்கரை ஊரில். அதற்கு மேல் கேட்காதீர்கள், சொல்லமாட்டேன். அவள் புருஷனுக்கு ஜெயகணேஷ் என்று பெயர் போட்டிருக்கிறேன், அதுவும் மாற்றியதுதான். என் பெயரை மட்டும் மாற்றவில்லை. ஈவாஞ்சலின். நான் செய்த காரியத்துக்கு என் பெயர் வெளியே தெரிவதுதான் நியாயம்.

தூத்துக்குடியில் ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மேல் மாடியில் எங்கள் அறக்கட்டளை. புருஷனுக்குப் பயந்து ஓடி வருகிற பெண்களுக்குத் தங்க இடம் கொடுத்து, கோர்ட்டுக்கும் ஆஸ்பத்திரிக்கும் கூட்டிப் போகிற வேலை. அங்கே ஒன்பது வருஷமாகப் பதிவேடு பார்க்கிறவள் நான். எங்களிடம் வருகிற பெண் தன்னைப் பற்றி எல்லாவற்றையும் எங்களிடம் சொல்லியாக வேண்டும். அடித்தது எங்கே, கரு கலைந்தது எத்தனை, மாமனார் என்ன செய்தார், எல்லாம். அவ்வளவையும் வாங்கி வைத்துக்கொண்டு அதைக் காப்பாற்றத் துப்பில்லை என்றால் அந்தப் பெண் வீட்டிலேயே கிடந்து அடி வாங்கியிருக்கலாம். இப்படி நான்தான் எல்லாருக்கும் பிரசங்கம் பண்ணுவேன்.

வருகிற ஒவ்வொருத்திக்கும் ஒரு எண். கோப்பின் மேல் எண் மட்டும்தான் இருக்கும். எந்த எண் யார் என்பது ஒரு நோட்டில் இருக்கும், அந்த நோட்டு கம்ப்யூட்டரில் ஏறாது, வேறு பீரோவில் பூட்டியிருக்கும். சாவி என் இடுப்பில். கேஸ் பேச உட்கார்ந்தால் எல்லார் போனும் அறைக்கு வெளியே பிளாஸ்டிக் கூடைக்குள் போய்விடவேண்டும். ஒரு துண்டுத்தாள் முழுசாகக் குப்பைக்குப் போகாது, மிஷினில் விட்டுச் சேமியாவாக்கித்தான் போடுவோம். ஒருநாள் எங்கள் டைரக்டர் சண்முகவடிவு மேடமே ஒரு பெண்ணின் ஆதார் நகலை மேசைமேல் வைத்துவிட்டுச் சாப்பிடப் போய்விட்டார். வயதில் எனக்குச் சின்னவர், ஆனாலும் முதலாளி அல்லவா, விட்டேனா நான்? "நாளைக்கு இது அவ புருஷன் கையில இருந்தா அவ சாவுக்கு நீங்கதான் கட்டை அடுக்கணும்" என்று எல்லார் முன்னாலும் கேட்டுவிட்டேன். பாவம், மன்னிப்புக் கேட்டார். அவ்வளவு வாய் எனக்கு.

இசக்கிசெல்வி இது நடப்பதற்கு நான்கு மாதம் முன்னால் வந்தாள். இருபத்தெட்டு வயது. கழுத்தைச் சுற்றிக் கயிறு அழுந்திய தடம் அப்போதும் கன்றிப்போய் இருந்தது. ஜெயகணேஷ் துறைமுகத்துக்கு லாரி பிடித்துக் கொடுக்கிற புக்கிங் ஆபீஸ் வைத்திருப்பவன். குடிக்கமாட்டான், கத்தமாட்டான், வெளியே யாரிடம் கேட்டாலும் தங்கமான மனுஷன் என்பார்கள். கயிற்றை அவிழ்த்துவிட்டு அவளிடம், "ஓடிப் போனேன்னா அடுத்த தடவை அவுக்கமாட்டேன்" என்று மெதுவாகச் சொல்லியிருக்கிறான். அடுத்த வாரமே பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்துவிட்டாள்.

பிள்ளைக்கு ஐந்து வயது, பெண். பிறவியிலேயே இரண்டு காதும் கேட்காது. காதுக்குள் மிஷின் வைக்கிற ஆபரேஷன் செய்தால் கேட்கும், பேச்சும் வரும். ஆனால் அரசாங்கத் திட்டத்தில் இலவசமாகச் செய்வதற்கு ஆறு வயதுக்குள் இருக்கவேண்டும். நான் சொல்லப்போகிற வாரத்தில் பிள்ளைக்கு ஆறு முடிய இன்னும் இருபது நாள்தான் இருந்தது. அலையாத அலைச்சல் அலைந்து, திருநெல்வேலியில் வியாழக்கிழமைக்கு நாள் வாங்கியிருந்தார் மேடம். அந்தத் தேதி எங்கள் ஆபீசில் மூன்று பேருக்குத்தான் தெரியும். அதில் நான் ஒருத்தி.

இப்போது என் லட்சணத்தைச் சொல்கிறேன்.

நான் தூத்துக்குடிப் பக்கம் நாசரேத்துக்காரி. வெள்ளிக்கிழமை தோறும் எங்கள் தெருவில் தேவமணி அக்கா வீட்டில் உபவாச ஜெபம். அவரவர் கஷ்டத்தை ஒரு துண்டுத்தாளில் எழுதிப் பெட்டியில் போடுவோம். தேவமணி அக்கா ஒவ்வொன்றாக எடுத்து வாசிக்க எல்லாருமாக ஜெபிப்போம். சர்க்கரை வியாதி, மருமகள் சண்டை, பிள்ளையின் அரியர் பேப்பர், எல்லாம் அந்தப் பெட்டியில் விழும். பேங்க் மேனேஜரிடம் சொல்லாததை, டாக்டரிடம் மறைத்ததை எல்லாம் அங்கே எழுதுவோம். ஆண்டவரிடம் என்ன ஒளிவுமறைவு?

அந்த வெள்ளிக்கிழமை எனக்கு மனசே சரியில்லை. அத்தனை சின்னப் பிள்ளையின் மண்டையைத் திறக்கப் போகிறார்களே என்று பயம். பேனாவை எடுத்து எழுதினேன். "கணவனுக்குப் பயந்து கடற்கரை ஊர் ஒன்றில் மறைந்து வாழும் சகோதரிக்காக. காது கேளாத அவருடைய ஐந்து வயது மகளுக்கு வருகிற வியாழன் திருநெல்வேலியில் ஆபரேஷன். கர்த்தர் கூட இருந்து காக்கும்படி." பெயர் எழுதவில்லை. எழுதாததை நினைத்து எனக்குள் ஒரு பெருமைகூட வந்தது. ஒன்பது வருஷப் பழக்கமல்லவா, என் கை தானாகவே காக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். மூதேவி.

செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணிக்கு ஆபீசில் இருக்கும்போது தேவமணி அக்கா போன் செய்தார். குரலில் அப்படி ஒரு சந்தோஷம்.

"ஈவா, தோத்திரம்ளா! உன் விண்ணப்பத்துக்கு ஆண்டவர் பதில் குடுத்துட்டாரு."

"எந்த விண்ணப்பம்க்கா?"

"அந்தக் காது கேக்காத பிள்ளை. நம்ம வாட்ஸ்அப் குரூப்புல போட்டுருந்தேம்லா, அது எங்கெல்லாமோ போயிருக்கு. நேத்து ராத்திரி ஒரு தம்பி எனக்கே போன் பண்ணுனாவ. கண்ணீரோட பேசுனாவ கேட்டியா? அந்தப் பிள்ளைக்கு மிஷினு வாங்கித் தரணும்னு ஆண்டவர் உள்ளத்துல உணர்த்துனாராம். எந்த ஆஸ்பத்திரின்னு கேட்டாவ."

என் கையில் இருந்த பேனா அப்படியே நின்றது. குரூப்பில் போட்டாரா? அது எனக்குத் தெரியாது. தெரியாது என்று சொல்வதும் பொய். கொரோனாக் காலத்தில் இருந்து எல்லா விண்ணப்பத்தையும் அக்கா குரூப்பில் போடுகிறார், நானும் அந்தக் குரூப்பில் இருக்கிறேன், தினமும் ஆமென் போடுகிறேன். தாளில் எழுதும்போது அது மட்டும் எனக்கு ஞாபகம் வரவில்லை.

"அக்கா, யாரு அவன்? பேரு என்ன?"

"பேரு சொல்லலளா. ஆனா சாதாரண ஆள் இல்ல, வரம் பெத்த ஆளு. நாம சொல்லாததெல்லாம் அவியளுக்குத் தெரியுது. 'பிள்ளை இன்னும் இடது கையாலதான் சாப்பிடுதாக்கா'ன்னு கேட்டாவ. எனக்குப் புல்லரிச்சுட்டு. தீர்க்கதரிசனம்லா அது!"

பிள்ளை இடது கையால்தான் சாப்பிடும். கோப்பில் நான்தான் எழுதியிருக்கிறேன்.

"நீங்க என்ன சொன்னீங்க?"

"எனக்கு என்ன தெரியும்? எங்க ஈவாஞ்சலின் குடுத்த விண்ணப்பம், அவட்ட கேளுங்கன்னு உன் ஆபீசு பேரைச் சொல்லியிருக்கேன். வந்தாவன்னா நல்லாக் கவனிளா."

போனை வைத்துவிட்டு நேரே பாத்ரூமுக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டேன். சத்தியமாகச் சொல்கிறேன், முதலில் அந்தப் பிள்ளை ஞாபகம் வரவில்லை. மேடத்தின் முகம்தான் வந்தது. எத்தனை பேரை நான் வாய் கிழியப் பேசியிருக்கிறேன்! தேவமணி அக்காவை அழிக்கச் சொல்லிவிட்டால் போதும், யாருக்குத் தெரியப் போகிறது என்றுகூட யோசித்தேன். குரூப்பைத் திறந்து பார்த்தேன். நான் எழுதியதற்குக் கீழே தொண்ணூறு ஆமென். மேலே தன் போன் நம்பரோடு அக்கா சேர்த்த வரி ஒன்று இருந்தது: இதை உங்கள் எல்லா ஜெபக் குழுக்களுக்கும் அனுப்புங்கள். எதை அழிக்க? கால் மணி நேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தேன். பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு மேடத்தின் அறைக்குப் போய், நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன்.

அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "முதல்ல செல்விகிட்ட சொல்லணும்" என்றார். "நீங்கதான் சொல்லணும்க்கா."

எங்கள் விதிமுறையில் அது ஒன்பதாவது. தகவல் வெளியே போனால், யாருடைய தகவலோ அவரிடம் அன்றைக்கே, போக விட்டவரே சொல்லவேண்டும். டைப் அடித்தது நான்.

"நான் இப்பவே பஸ் ஏறிப் போயிட்டு வாரேன் மேடம்."

"போகக்கூடாது. உங்க பேரு அவனுக்குத் தெரியும், ஆபீசும் தெரியும். நீங்க அங்கன போனா உங்க பின்னாலயே வருவான்."

ஜன்னல் வழியாகக் கீழே பார்த்தேன். ஜெராக்ஸ் கடை வாசலில் ஐந்தாறு பேர் நின்றார்கள். ஒருவன் எங்கள் மாடிப்படியைப் பார்த்தபடி டீ குடித்துக்கொண்டிருந்தான். யாரோ எவனோ. ஆனால் அன்றைக்கு எனக்கு எல்லா முகமும் ஜெயகணேஷ்தான்.

போனில் சொன்னேன். பாதுகாப்பு வீட்டுப் போனை அவள் எடுத்தபோது பின்னால் கடல் இரைச்சல் கேட்டது. எப்படியோ திக்கித் திணறிச் சொல்லி முடித்தேன்.

"செல்வி? செல்வி, ஆனா உன் பேரை எழுதலம்மா. சத்தியமா பேரை எழுதல."

"பேரு எதுக்குக்கா?" என்றாள். "காது கேக்காத அஞ்சு வயசுப் பிள்ளையைத் தூக்கிட்டுப் புருசனுக்குப் பயந்து ஓடுனவ இந்த ஜில்லாவுல எத்தனை பேரு இருக்கோம்? அதுக்கு எம் பேரையே எழுதியிருக்கலாம்."

நான் அழுதுவிட்டேன். அவள் அழவில்லை.

"எத்தனை பேருக்குத் தெரியும்?"

"தெரியலம்மா."

"வியாழக்கிழமைன்னு எழுதியிருக்கியளா?"

"ஆமா."

"திருநெல்வேலின்னு?"

"ஆமாம்மா."

"அப்போ ஆஸ்பத்திரி வாசல்ல நிப்பான்." அதைச் சொல்லும்போதுதான் அவள் குரல் நடுங்கியது. "போனா என்னைக் கொன்னுருவான். போவலன்னா எம்பிள்ளைக்குக் காலத்துக்கும் காது கேக்காது. நான் எதைக்கா செய்ய?"

மேடம் போனை வாங்கினார். வேறு ஜில்லாவில் இதே ஆபரேஷன் செய்கிற டாக்டரிடம் பேசுவதாகவும், ஆறு வயதுக்குள் எப்படியும் முடித்துவிடலாம் என்றும், இன்றைக்கே அவளை அந்த ஊரில் இருந்து கிளப்பிவிடுவதாகவும் சொன்னார். பிறகு நெடுநேரம் கேட்டுக்கொண்டே இருந்தார். "சரிம்மா. சரி. அப்படியே செய்யுதேன்" என்று சொல்லிவிட்டு வைத்தார்.

"என்ன சொல்லுதா?"

மேடம் என் முகத்தைப் பார்க்காமல் பேசினார். "எங்க போறா, எந்த ஆஸ்பத்திரி, எந்தத் தேதி, எதுவும் உங்களுக்குத் தெரியக்கூடாதுன்னு சொல்லிட்டா. பீரோ சாவியையும் குடுத்துருங்கக்கா."

எனக்கு வந்ததே ஒரு கோபம்! வெட்கங்கெட்ட கோபம். நான்கு மாதம் அவளுக்கு மாத்திரை வாங்கிக் கொடுத்தது யார், பிள்ளைக்குக் கவுன் தைத்துக் கொடுத்தது யார், தப்பைத் தானாக வந்து ஒத்துக்கொண்டது யார்? எல்லாம் நாக்கு நுனி வரை வந்தது. இடுப்பில் இருந்து சாவியை எடுத்து மேசையில் வைத்தேன். மெதுவாக வைக்கவில்லை, போட்டேன். மேடம் எடுத்துக்கொண்டார். அன்று சாயங்காலமே மகளிர் போலீசுக்கு ஒரு மனு எழுதிக் கொடுத்துவிட்டு, எங்கே போகிறேன் என்று யாரிடமும் சொல்லாமல் கிளம்பிப் போனார். என்னிடம், "நாளைக்கு நீங்க வீட்டுல இருங்க" என்று மட்டும் சொன்னார்.

இருக்கமுடியவில்லை. என் வீட்டுக்காரர் துபாயில். மகன் பெவின் எட்டு மணிக்கெல்லாம் வேலைக்குப் போய்விடுவான். தனியாக வீட்டில் கேட் சத்தம் கேட்கும்போதெல்லாம் செத்துப் பிழைப்பதற்கு ஆபீசே மேல் என்று தோன்றியது. கீழே கடையில் ஆள் நடமாட்டம் இருக்கும், கூப்பிட்டால் வருவார்கள். புதன்கிழமை பத்து மணிக்குப் போய் உட்கார்ந்தேன். மற்றவர்களையும் மேடம் வரவேண்டாம் என்று சொல்லியிருந்ததால் மாடியில் நான் மட்டும்தான்.

பதினொன்றரைக்கு வந்தான். வெள்ளைச் சட்டை, நெற்றியில் திருநீறு, கையில் ஆப்பிளும் சாத்துக்குடியும் போட்ட பை. கோர்ட் மனுவில் ஒட்டியிருந்த போட்டோவில் பார்த்த முகம். செருப்பை வெளியே கழற்றிவிட்டு வந்தான். உள்ளே வந்ததும் கதவைச் சாத்தினான், ஏசி அறைக்குள் வருகிற மாதிரி, பூப்போல. எங்கள் ஆபீசில் ஏசி கிடையாது.

"ஈவாஞ்சலின் அக்காதான?"

தலையை ஆட்டினேன் என்று நினைக்கிறேன்.

"பிள்ளைக்கு ஆபரேஷன்னு கேள்விப்பட்டேன். பெத்த தகப்பன்கிட்ட ஒரு வார்த்தை சொல்லாம செய்யலாமாக்கா?" எதிர் நாற்காலியில் உட்கார்ந்து பழப்பையை மேசையில் வைத்தான். "எங்க இருக்காவன்னு சொன்னியன்னா போய்ப் பார்த்துட்டு வந்துருவேன்."

"இங்க அப்படி யாரும் இல்ல" என்றேன். எனக்கே கேட்கவில்லை.

அவன் சிரித்தான். போனை எடுத்து என் பக்கம் திருப்பினான். நான் எழுதிய மூன்று வரி. "இது நீங்க எழுதுனதுதான? உங்க அக்கா சொன்னாவ." விரலால் மேலே தள்ளினான். தள்ளிக்கொண்டே போனான். "அந்தக் குரூப்புல என்னையும் சேர்த்துவிட்டாவ. பழைய விண்ணப்பத்துக்கும் ஜெபிக்கணும்னு கேட்டேன், உங்க அக்காவே எல்லாத்தையும் அனுப்பிவிட்டாவ. ரெண்டு நாளா உட்கார்ந்து வாசிச்சேன். நீங்க நிறைய எழுதியிருக்கியக்கா. உங்களுக்குச் சர்க்கரை முந்நூறு. அண்ணாச்சி துபாய்ல, கம்பெனியில ஏழு மாசமா பிரச்சினை. ராத்திரி தனியா இருக்கப் பயமா இருக்குன்னு ஒரு தடவை எழுதியிருக்கிய."

எழுந்து ஜன்னலுக்குப் போகலாம், கூப்பிடலாம். நான் எழவில்லை.

"இந்தா, இது போன மாசம்." வாசித்தான், ஒவ்வொரு வார்த்தையாக நிறுத்தி. "என் மகன் பெவின், கிளியரிங் ஆபீஸ் வேலைக்கு ஹார்பர் ரோட்டில் பைக்கில் போய் வருகிறான். விபத்துகளுக்கு விலக்கிக் காக்கும்படி." போனை அணைத்துச் சட்டைப் பையில் போட்டான். "நல்லா ஜெபம் பண்ணுங்கக்கா. அந்த ரோட்டுல லாரிக்காரனுவ கண்ணுமண்ணு தெரியாமத்தான் வாரானுவ. எல்லாம் நமக்குத் தெரிஞ்ச பயலுவதான். நான் வேணா சொல்லி வைக்கேன், பெவின் தம்பி வரும்போது பார்த்து ஓட்டுங்கலேன்னு."

அந்தப் பெயர் அவன் வாயில் வந்தது எனக்கு இன்னும் காதில் இருக்கிறது.

"இப்போ சொல்லுங்க. எங்க இருக்கா?"

"எனக்குத் தெரியாது" என்றேன். கண்ணீரும் மூக்குமாக, கையெடுத்துக் கும்பிட்டுக்கொண்டு சொன்னேன். "தம்பி, உங்க பிள்ளை மேல சத்தியமா, எம் மகன் மேல சத்தியமா எனக்குத் தெரியாது. நான் எழுதுனது தெரிஞ்சு அவ என்னை நம்பல. எங்கிட்ட எதுவும் சொல்லக்கூடாதுன்னுட்டா. சாவியைக்கூட வாங்கிட்டாவ. பாருங்க." இடுப்பைக் காட்டினேன். ஐம்பத்திரண்டு வயதுப் பொம்பளை, ஒரு கொலைகாரனுக்கு முன்னால் எழுந்து நின்று வெறும் இடுப்பைத் தட்டித் தட்டிக் காட்டினேன்.

அவன் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். எவ்வளவு நேரம் என்று தெரியாது. ஒரு சுருக்கத்தைக்கூட விடாமல் பார்த்தான்.

"நெசமாவே தெரியல உங்களுக்கு" என்றான். குரலில் அப்போதுதான் ஒரு எரிச்சல் வந்தது. எழுந்து, பழப்பையை எடுத்துக்கொண்டு, கதவைத் திறந்து போனான். அரை மணி நேரம் கழித்து மகளிர் போலீசில் இருந்து இரண்டு பேர் வந்தார்கள். நான் அப்போதும் நின்றுகொண்டுதான் இருந்தேன்.

பெவினை நாங்கள் அன்றைக்கே சாத்தான்குளத்தில் என் தம்பி வீட்டுக்கு அனுப்பிவிட்டோம். ஜெயகணேஷ் மேல் வழக்குப் பதிவானது. பிள்ளையைப் பார்க்கப் பழம் வாங்கிப் போனேன், அது குற்றமா என்று கேட்டிருக்கிறான்.

பத்து நாள் கழித்து மேடம் ஆபீசுக்கு வந்தார். ஆபரேஷன் நடந்ததா என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. புதன்கிழமை நடந்ததைச் சொன்னேன். கேட்டுவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அவ்வளவு மிரட்டியும் சொல்லலையேக்கா நீங்க."

கையை இழுத்துக்கொண்டேன். இந்தப் பாராட்டையும் வாங்கி வைத்துக்கொண்டால் எனக்கு நரகத்தில்கூட இடம் கிடைக்காது.

"தெரிஞ்சிருந்தா சொல்லியிருப்பேன் மேடம்" என்றேன். "பெவின்னு அவன் சொன்ன உடனே சொல்லியிருப்பேன். ஊரு, தெரு, வீட்டு நம்பர், எல்லாம் சொல்லியிருப்பேன்."

இந்த முறை மேடம் என் முகத்தைப் பார்த்தார்.

"செல்வி அன்னைக்குப் போன்ல அதையேதான் சொன்னா" என்றார். "ஈவாக்காவுக்கும் ஒரு பிள்ளை இருக்குல்லா, அவியகிட்ட சொல்லாதீங்கன்னு."